கண்ணாடிக்குள் ஒரு கடல் – 4: மீன் இல்லாத தொட்டி

தொட்டி வைத்தாயிற்று. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கணக்கில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, 75 லிட்டர் நீரும் நிரப்பியாயிற்று. நீரைச் சுழற்றும் பவர்ஹெட் ஓடுகிறது, கல்லும் மணலும் பளிச்சென்று இருக்கின்றன. இனி வீட்டில் எல்லோரும் கேட்கப்போவது ஒன்றுதான்: "மீன் எப்போ வரும்?" ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகலாம் என்று இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றும். தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால், அதே அளவு அமோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே கடுமையாகத் தாக்கும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் நஞ்சு என்பதால், அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இரண்டுமே மிக மெதுவாகப் பெருகுபவை. கல்லின் நுண்துளைகளில் அவை குடியேறும்வரை அந்தத் தொட்டியில் மீன் பிழைப்பது கடினம்.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லான 'லைவ் ராக்' போடுங்கள், பாக்டீரியா அதிலேயே வந்துவிடும் என்று இருக்கும். நாம் அதைச் செய்யக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; புலி இருக்கும் அதே அட்டவணை. சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டியே அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அந்தக் கடலிலிருந்து ஒரு கைப்பிடிக் கல்லைக்கூட நம் வரவேற்பறைக்குக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பாது. கடையில் கிடைக்கும் செராமிக் கல் போதும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் வேலை கொஞ்சம் துரிதப்படும்.

பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே! சந்தையில் வாங்கிய இறாலில் ஒரு சிறு துண்டைப் போடுங்கள். அது அழுக அழுக அமோனியா ஏறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். என்னிடம் இருக்கும் கிட்டில், சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால், அமோனியா இல்லாத நீர் மஞ்சளாகவே நிற்கும், இருந்தால் பச்சை. முதலில் பச்சை அடர்ந்துகொண்டே போகும். பிறகு ஒருநாள் வெளிறத் தொடங்கும். அதே சமயம் நைட்ரைட் குழாய் ஊதா நிறத்துக்கு ஏறும். முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். அவசரப்படுகிறவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

"தொட்டி பழகட்டும், இரண்டு டாம்சல் விடுங்க சார்" என்று சில கடைகளில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். டாம்சல் முரட்டு மீன். தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அத்தனை நாளும் அதன் செவுள் வெந்துகொண்டிருக்கும். தப்பிப் பிழைத்தால், பின்னால் வரும் மீன்களையெல்லாம் விரட்டி விரட்டிக் கடிக்கும். இறால் துண்டு செய்கிற வேலைக்கு ஓர் உயிரை வதைப்பானேன்?

இந்த வாரங்களில் இன்னொரு பழக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுவையுங்கள். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மட்டம் இறங்க இறங்க உவர்ப்பு ஏறும். ஆகவே தினமும் கோடுவரை ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. நீர். உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் சிறு தொட்டியில் இதை இரண்டு நாள் மறந்தாலே வித்தியாசம் தெரியும்.

மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தால் பயப்படாதீர்கள். டயாட்டம் பாசி அது. புதுத் தொட்டிகளில் வரும், தானே போகும்.

அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு வந்து, மறுபடி தீனி போட்டுப் பார்த்தாலும் ஒரே நாளில் சுழியத்துக்கே திரும்பினால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட் குறைய, பாதி நீரை மாற்றுங்கள். முதல் வரவாக ஒரு ஜோடி கோமாளி மீன், பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ கண்டுவிட்டது. கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

(தொடரும்)