நெல்லுப் பூவை காம்பேக்ட் கேமராவுல எடுக்கிறது எப்படி?

"மேக்ரோ லென்ஸ் வாங்க காசு இல்ல, சின்ன காம்பேக்ட் கேமராதான் இருக்கு. பூவை க்ளோசப்ல எடுக்க முடியுமா?" இதுதான் இன்னைக்குக் கேள்வி. முடியும். உதாரணத்துக்கு ரோஜா வேணாம். தஞ்சாவூர் பக்கம் பஸ்ல போறப்போ ரெண்டு பக்கமும் கோடிக்கணக்குல இருக்கிற, ஆனா நம்மள்ல பலர் பார்த்தே இராத பூவை எடுத்துப்போம். நெல்லுப் பூ.

நெல்லுப் பூவுக்கு இதழ் கிடையாது. கதிர்ல ஒவ்வொரு மணியோட உமியும் ரெண்டா விரியும், உள்ளேயிருந்து ஆறு மகரந்தப் பை வெளியே தொங்கும். எல்லாம் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள்ள விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துல உமி மூடிக்கும். காய்ஞ்ச பை மட்டும் வெளியில தொங்கிட்டு இருக்கும். மதியம் போனா அதைத்தான் எடுத்துட்டு வருவோம். பொங்கலை ஒட்டி அறுக்கிற சம்பான்னா, சுமார் 30 நாள் முன்னாடி, மார்கழி வாக்குல போங்க. ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிக்க ஒரு வாரம் ஆகும்.

நான் முதல் தடவை போனது திருவையாறு பக்கம், பெரியப்பா வயலுக்கு. ஃபுல் ஜூம் வெச்சு 60 படம் எடுத்தேன். லேப்டாப்புல போட்டுப் பார்த்தா, எல்லாத்துலயும் பின்னாடி நின்ன தென்னைமரம் மட்டும் செம ஷார்ப்பு!

ஜூம் பண்ணாதீங்க, கிட்ட போங்க

ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைஞ்சபட்ச ஃபோகஸ் தூரம்னு ஒண்ணு இருக்கு. 2012-ல வந்த சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கோங்க. ஜூம் இல்லாம 5 செ.மீ. வரைக்கும் கிட்ட போகலாம். ஃபுல் ஜூம்ல 55 செ.மீ. தள்ளி நிக்கணும். பெரும்பாலான காம்பேக்ட் கேமராவுல கதை இதேதான். அதனால ஜூமை முழுசா வெளியே எடுத்துட்டு, பூ படம் போட்ட மேக்ரோ பட்டன் இருந்தா ஆன் பண்ணி, கேமராவைப் பூகிட்ட கொண்டு போங்க.

ஃபோகஸுக்கு உள்ளங்கை

ஃபோகஸ் பாயின்ட்டை நடுவுல ஒண்ணு மட்டும் வைங்க. அப்பவும் கேமரா பின்னாடி இருக்கிறதையே பிடிச்சா, கதிர் இருக்கிற அதே தூரத்துல உள்ளங்கையை வெச்சு ஷட்டரைப் பாதி அழுத்துங்க. ஃபோகஸ் லாக் ஆனதும் விரலை எடுக்காம கையை மட்டும் விலக்குங்க. அப்புறம் உடம்பை லேசா முன்னே பின்னே ஆட்டி, மகரந்தப் பை தெளிவா தெரியிற இடத்துல முழுசா அழுத்துங்க.

காத்து, வெளிச்சம்

கதிர் ஆடிட்டேதான் இருக்கும். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 400-லிருந்து 800 வரைக்கும், பர்ஸ்ட் மோட். பத்து படத்துல ஒண்ணு தேறினா போதும். இவ்வளவு கிட்ட ஃப்ளாஷ் போட்டா லென்ஸோட நிழலே பூ மேல விழும், அதனால ஆஃப் பண்ணிடுங்க. வெயில் சுள்ளுன்னு அடிச்சா குடை பிடிங்க. பின்னாடி கரும்பச்சையா இருக்கிறப்போ பூ வெளுத்துப் போகும், எக்ஸ்போஷரை மைனஸ் 0.7-க்கு இறக்கிப் பாருங்க.

இது ரொம்ப முக்கியம்

ஆட்டத்தை நிறுத்த நான் கதிரைக் கையால பிடிச்சப்போ, பெரியப்பா ஒரு சத்தம் போட்டார்: "தம்பி, பூ நேரத்துல பயிரைத் தொடாத. வரப்புலயே நில்லு." நமக்கு அது படம், அவருக்கு அது விளைச்சல். வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிஷம்தான். அதுக்குள்ள சேரலைன்னா அந்த மணி பதர். பூக்கிற நேரத்துல வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, மழை அடிச்சாலோ பதர் கூடிடும். அதனால வரப்பு ஓரக் கதிரே போதும், வயலுக்காரங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க.

ரெண்டாவது நாள் ஒரே ஒரு படம் தேறுச்சு. பெரியப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஆறு பையையும் எண்ணிட்டுச் சொன்னார்: "நல்லா வந்திருக்கு. இன்னும் நாலு நாளைக்கு மழை வராம இருக்கணும்." அவர் படத்தைச் சொன்னாரா, பயிரைச் சொன்னாரான்னு நான் கேட்டுக்கல.

இந்த வாரம் மொட்டை மாடி செம்பருத்தியில பழகிக்கோங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!