மூச்சின் கதை – 9: முதல் இளைப்பு எப்போது வந்தது?

ஆஸ்துமா எந்த வயதிலும் தொடங்கும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், பேரன் பேத்தி எடுத்தவருக்கு முதன்முதலாகவும் வரும். எந்த வயதில், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது முதல் இளைப்பு வந்தது என்பதை வைத்தே அதன் காரணத்தையும் இனி அது போகும் போக்கையும் பெருமளவு கணிக்க முடியும். இதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம் கம்பம்மெட்டு.

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், மலை முகட்டில் இரு மாநிலச் சோதனைச்சாவடிகளோடு இருக்கிறது இந்த எல்லை ஊர். அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலை. கீழே வெயில், மேலே மூடுபனி. விடியும் முன்பே கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்கள். சாயங்காலம் இறங்குகிறார்கள். குளிர், ஈரம், பூஞ்சை, விறகுப் புகை, பூச்சிமருந்து, தூசி என்று மூச்சுக்குழாயைச் சீண்டும் பலவும் இங்கே ஒரே ஆளின் ஒரே நாளுக்குள் வந்துவிடுகின்றன.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி நாள்பட நிலைத்திருக்கும். இளைப்பு இல்லாத நாளிலும் அது உள்ளே இருக்கும். அதனால் அந்தக் குழாய்கள் எளிதில் சீண்டப்படுபவையாக ஆகிவிடுகின்றன. பிறர் சாதாரணமாகக் கடந்துபோகும் தூசியோ சளிக் கிருமியோ குளிர்காற்றோ பட்டவுடன், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை சுரந்து பாதையை அடைக்கிறது. மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதே அப்போது கடினம். விசில் போன்ற ஓசை அதனால்தான் வருகிறது. சிலருக்கு அந்த ஓசையே இருக்காது. நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் விடாமல் வரும் வறட்டு இருமல் மட்டும் இருக்கும். வருவதும் போவதுமாக இருப்பதே இந்நோயின் அடையாளம். அந்த இடைவெளிதான் பலரையும் ஏமாற்றிவிடுகிறது.

பெரும்பாலான ஆஸ்துமா குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. நீடித்த ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோருக்கு ஆறு வயதுக்குள் முதல் அறிகுறி தெரிந்துவிடும். ஆனால் சின்ன வயதில் வீசிங் வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஆஸ்துமா என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கி, குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 1995-இல் வெளியான அதன் முடிவின்படி, ஆறு வயதுக்குள் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது இளைப்பு வந்திருந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் இளைத்த பிள்ளைகளில் அதிகம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. பிறவியிலேயே மூச்சுக்குழாய் சற்றுக் குறுகலாக இருந்து, வைரஸ் சளி பிடிக்கும்போது மட்டும் இளைத்தவர்கள் அவர்கள். வளர வளரக் குழாயும் அகன்றுவிட்டது. சளி இல்லாத நாளிலும் இளைக்கிற பிள்ளை, கரப்பான் என்று ஊரில் சொல்லும் தோல் அரிப்பு உள்ள பிள்ளை, தாய்க்கோ தகப்பனுக்கோ ஆஸ்துமா உள்ள பிள்ளை ஆகியோருக்குத்தான் அது நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம்.

மலைக் குடியிருப்புகளில் மழைக்காலம் என்பது தென்மேற்குப் பருவமழையோடு முடிவதில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்ந்துகொள்கிறது. சுவரில் பூஞ்சை படியும், கம்பளியும் மெத்தையும் வெயில் காணாமல் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் செழிப்பது இந்த ஈரத்தில்தான். சமவெளியில் நன்றாக இருந்த பிள்ளை மலைக்கு வந்ததும் இருமினால் ‘கிளைமேட் ஒத்துக்கல’ என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். குளிர் தனியாக ஆஸ்துமாவை உண்டாக்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதை வெளியே காட்டும். ஒத்துக்கொள்ளாத பொருள் அந்த வீட்டின் படுக்கையிலேயே இருக்கலாம்.

நகரங்களின் நிலை வேறு. பெங்களூரில் மருத்துவர் எச். பரமேஷ் தம் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தார். 1979-இல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. அது மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு என்பதால் ஊர் முழுமைக்கும் பொருந்தாது. ஆனாலும் இருபது ஆண்டுகளில் வாகனமும் மக்கள்தொகையும் பெருகிய ஒரு நகரத்தில் பிள்ளைகளின் மூச்சுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அது வலுவான சாட்சி.

சிறுவயதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே ஆஸ்துமா அதிகம். பருவ வயதைத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிறது. பெரியவர்களில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பதின்பருவத்தில் பலருக்கு நோய் அடங்கிவிடும். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்ற பேச்சுக்கு இது ஆதாரம் போலத் தோன்றும். ஆனால் அடங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு இருபது, முப்பது வயதில் அது திரும்புகிறது. அப்போது அதைப் புதிய நோய் என்றே நினைக்கிறார்கள். எட்டு வயதில் மருத்துவமனையில் படுத்த நினைவு அம்மாவிடம்தான் இருக்கும்.

கம்பம்மெட்டு வழியாக ஏறும் பெண்களின் கதை, வயதுவந்த பிறகு முதன்முதலாக வரும் ஆஸ்துமாவைப் பற்றியது. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்கு வேலையிடமே காரணம் என்பது உலக அளவிலான மதிப்பீடு. மாவு மில், பேக்கரி, மரம் அறுக்கும் இடம், கார் பெயின்ட் அடிக்கும் பட்டறை ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். வறுக்காத காப்பிக்கொட்டைத் தூசியும் ஆமணக்குப் புண்ணாக்குத் தூசியும் கடுமையான ஒவ்வாமை தருபவை. மசாலாத் தூசியால் வந்த ஆஸ்துமாவும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

ஏலக்காயின் பாதையைப் பார்த்தால் மூச்சுக்கு எங்கெங்கே வேலை இருக்கிறது என்பது தெரியும். பறித்த காயில் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். அதைப் பத்து சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் பச்சை நிறம் நிற்கும், காய் கெடாது. அதற்காக ‘ஸ்டோர்’ என்று சொல்லும் உலர்கூடத்தில் தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகு எரித்த வெப்பத்தில் ஒரு நாள் முழுக்கவோ அதற்கு மேலோ உலர்த்துகிறார்கள். கூடத்தைத் திறக்கும்போது சூடும் ஈரமும் காயின் காரமான நெடியும் ஒன்றாக முகத்தில் அறையும். அடுத்து, சூடு ஆறுவதற்குள் காயைத் தேய்த்து காம்பையும் பூவின் காய்ந்த நுனியையும் உதிர்க்கும் வேலை. தூசி பறப்பது இங்கேதான். பிறகு கேரளப் பக்கத்துப் புற்றடியிலும் தமிழகப் பக்கத்துப் போடிநாயக்கனூரிலும் ஏல விற்பனை. போடியின் கிடங்குகளில் பெண்கள் தரையில் உட்கார்ந்து தரவாரியாகக் காய் பொறுக்குவார்கள். அங்கேயும் தூசிதான்.

தோட்டத்துக்குள் வேறொன்று. இலைப்பேனும் காய்த் துளைப்பானும் ஏலத்தை விடாமல் தாக்குவதால், இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாக அடிக்கப்படும் பயிர்களில் ஒன்றாக ஏலம் ஆகிவிட்டது. அடர்ந்த நிழலுக்குக் கீழே, காற்று அசையாத இடத்தில், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளுக்கு நடுவே மருந்து அடிக்கிறார்கள். பூச்சிமருந்தைக் கையாளும் விவசாயிகளிடம் இளைப்பு அதிகம் என்பதை அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. மருந்தடித்த இடத்துக்கு மறுநாளே காயெடுக்கப் போகிறவருக்கும் அந்தக் காற்றில் பங்குண்டு. சாயங்காலம் வீடு திரும்பி விறகடுப்பு மூட்டுகிறவருக்கு அன்றைய கணக்கு அங்கேயும் முடிவதில்லை.

வேலையிட ஆஸ்துமாவின் தந்திரம், அது பெரும்பாலும் முதல் நாளில் வருவதில்லை என்பதே. உடல் ஒரு பொருளுக்கு ஒவ்வாமை கொள்ள மாதங்கள் ஆகும், சில நேரம் ஆண்டுகள். பத்து வருஷமாகச் செய்த வேலை எப்படி இப்போது ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று கேட்பது இயல்பு. ஆனால் நடப்பது அதுதான். தொடக்கத்தில் மூக்கு அரிப்பும் தும்மலும் வரும். பிறகு வேலை முடிந்த ராத்திரியில் இருமல். ஞாயிற்றுக்கிழமையோ திருவிழாவுக்கு நாலு நாள் நின்றாலோ குறையும். வேலைக்குப் போனதும் திரும்பும். ஆகவே பெரியவர் ஒருவருக்குப் புதிதாக இளைப்பு வந்தால் மருத்துவர் தவறாமல் கேட்க வேண்டியவை இரண்டு: என்ன வேலை? லீவு நாளில் குறைகிறதா? காரணத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து விலகுகிறாரோ அவ்வளவுக்குக் குணமாகும் வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், வேலையை விட்ட பிறகும் நோய் தங்கிவிடும்.

ஊர் மாறினாலும் புதிய ஒவ்வாமை வரலாம். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் நகரில் ஓர் இடிமழையின்போது புல் மகரந்தம் பொடியாகி நகரெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கை வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை.

மாத்திரைகளும் ஒளிந்திருக்கும் நோயை வெளிக்கொண்டுவரும். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை சிலருக்குக் கடும் இளைப்பைத் தரும். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து ஆகியவையும் அப்படியே. நாற்பதைத் தாண்டிய பீடிக்காரருக்கும் ஆண்டுக்கணக்கில் விறகடுப்பில் வெந்தவருக்கும் வரும் மூச்சிரைப்பு சிஓபிடி என்ற வேறு நோயாக இருக்கலாம். அது ஆஸ்துமாவைப் போல வந்து போவதில்லை. மெல்ல மெல்லக் கூடும். மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பார்த்து, மருந்து தந்து மறுபடி ஊதச் சொன்னால் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆஸ்துமா சிகிச்சையின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஊமத்தையின் புகையை இழுத்து இளைப்பைத் தணிக்கும் நாட்டு வழக்கத்தை மதராஸில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் பரிந்துரைத்தார். தளபதி ஜென்ட் என்பவர் 1802-இல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஐரோப்பா நூறு ஆண்டுகளுக்கு மேல் ‘ஆஸ்துமா சிகரெட்’ புகைத்தது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். ஆனால் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. இன்று யாரும் அதைத் தொடக் கூடாது. 1956-இல் அளவாக மருந்து தெளிக்கும் இன்ஹேலரும், 1969-இல் மூச்சுக்குழாயை உடனே தளர்த்தும் சால்பியூட்டமாலும், 1972-இல் இழுக்கும் ஸ்டீராய்டும் வந்தன. அதற்குப் பிறகுதான் அழற்சியை அதன் இடத்திலேயே சென்று அடக்க முடிந்தது.

இன்ஹேலர் என்றாலே ‘பழகிடும்’ என்ற பயம் மலைக்கு இருபுறமும் உண்டு. அளவைப் பார்த்தால் பயத்துக்கு இடமில்லை. ஐந்து மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று 5,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலரில் ஒரு முறை இழுப்பது பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். அது நேரே நுரையீரலுக்குப் போகிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உடனே தளர்த்தும் சால்பியூட்டமாலை மட்டும் அடித்துக்கொண்டு, அழற்சியை அடக்கும் மருந்தை விட்டுவிடுவதுதான் அது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பி இருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-இல் சொல்லிவிட்டது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவீதத்தினர் இந்தியாவில் இருக்கிறார்கள். இறப்பில் இந்தியாவின் பங்கோ 40 சதவீதத்துக்கு மேல். அழற்சியை அடக்கும் மருந்து சேர வேண்டியவர்களுக்குச் சேராததுதான் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம்.

கையில் இன்ஹேலர் இருப்பது மட்டும் போதாது. குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும், பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பலர் அழுத்திய பிறகு இழுக்கிறார்கள். மருந்து தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டிக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது கட்டாயம். ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

பேச்சு முழு வாக்கியமாக வராமல் துண்டு துண்டாக வருவது, கழுத்துத் தசையும் விலா இடுக்கும் உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது ஆகியவை அபாய அறிகுறிகள். இளைத்துக்கொண்டிருந்தவரின் நெஞ்சில் ஓசையே கேட்காமல் போவது எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. அப்போது நேராக உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமாலை ஒவ்வொரு அழுத்தமாக நான்கு முதல் பத்து வரை கொடுத்துக்கொண்டே வண்டி பிடிக்க வேண்டும். ‘ஆவி பிடித்துப் பார்ப்போம்’ என்று காத்திருக்க நேரமில்லை. கம்பம்மெட்டிலிருந்து கீழே இறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனை, அதற்கும் அப்பால் கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. மேலே நெடுங்கண்டம், அதற்கு மேல் இடுக்கி மருத்துவக் கல்லூரி. எந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். மாநில எல்லை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

நாள்பட்ட சிகிச்சையில்தான் எல்லை குறுக்கே நிற்கிறது. கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் ‘ஸ்வாஸ்’ என்ற பெயரில் ஆஸ்துமாவுக்கும் சிஓபிடிக்கும் தனித் திட்டம் நடக்கிறது. ஆனால் ஜீப்பில் வந்து ஜீப்பில் திரும்பும் பெண் அங்கே குடியிருப்பவர் அல்ல. கூலியை விட்டு அந்த மையத்தில் காத்திருக்கவும் அவரால் முடியாது. கீழே இறங்கும் நேரத்தில் ஊர் சுகாதார நிலையத்தின் புறநோயாளர் நேரம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வேலையிட ஆஸ்துமா சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியலில் 1980 முதலே இருக்கிறது. தினக்கூலிக்கு மலையேறுகிறவருக்கு அந்தப் பட்டியலால் இதுவரை பயன் இல்லை.

ஏலத்தோட்டக்காரர்கள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. காய் தேய்க்கும் இடத்தில் காற்றோட்டமும் தூசியை வெளியே இழுக்கும் விசிறியும் வேண்டும். துணி முந்தானைக்குப் பதில் சரியான முகக்கவசம் வேண்டும். மருந்தடித்த பகுதிக்குள் குறித்த நாள்வரை ஆள் அனுப்பக் கூடாது. இளைப்பு வந்தவரைக் கூலி குறைக்காமல் ஸ்டோரிலிருந்து வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் சேர்ந்து, மெட்டில் ஜீப்கள் நிற்கும் இடத்திலேயே வாரம் ஒருமுறை ஊதிப் பார்க்கும் முகாம் ஒன்றை நடத்த வேண்டும்.

(தொடரும்)