ஒரு கூடையும் இரண்டாயிரம் முடிச்சும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டப்பட்டபோது, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றை எல்லாம் நம் பேராசிரியர்கள் என்னைவிடச் சிறப்பாக எழுதுவார்கள். நான் எழுதினால்தான் வரும் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது என் தோளில் தொங்கும் ஒயர் கூடை.

கொடுமுடியிலிருந்து தினமும் ரயிலில் வரும் மாணவர்களில் நானும் ஒருவன். மகுடேசுவரர் கோவிலும், அதை ஒட்டி ஓடும் காவிரியும், கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்ற பெருமையும் எங்கள் ஊருக்கு உண்டு. கடைவீதியில் ஒரு சிறிய ஒயர் கடையும் உண்டு. இதை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். ஒயர், பாசிமணி, ஊசி, நூல்கண்டு, ஜமிக்கி, சம்கி என்று கைவேலைக்கு வேண்டிய யாவும் அங்கே கிடைக்கும். என் படிப்புக்கும் அந்தக் கடைக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கூடையைப் பார்ப்போம்.

ஓலையிலிருந்து ஒயருக்கு

கூடை முடைவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. தென்னங்கீற்றை முடைந்து கூரை வேய்ந்தவர்கள் நாம். பனையோலையில் பெட்டியும், மூங்கிலில் கூடையும் செய்தவர்கள். கரூர், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக்கரையில் இன்றும் கோரை பயிராகிறது, பாய் ஆகிறது. பிளாஸ்டிக் ஒயர் வந்ததும், பழகிய கைகள் அதையும் எடுத்துக்கொண்டன. சந்தைக்குப் போகவும், அலுவலகத்துக்குச் சோறு கொண்டுபோகவும், கோவிலுக்குத் தேங்காய் பழம் எடுத்துச் செல்லவும் ஒயர் கூடை பழக்கமாயிற்று. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னல்களுக்குப் பெயர் வைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தாம். எந்தப் பாடப்புத்தகமும் வைத்த பெயர்கள் அல்ல.

வேதியியல் மாணவன் என்பதால் ஒயரைப் பற்றிச் சில சொற்கள். கூடை ஒயர் பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடு. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் கெட்டிக் குழாயும் இதே பொருள்தான். ஒன்று கல்லைப்போல் இருக்க, மற்றொன்று எப்படி வளைகிறது? நெகிழ்வூட்டி என்ற எண்ணெய் போன்ற பொருளை அதில் கலக்கிறார்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே அது புகுந்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல விடுகிறது. வெயிலில் வெகுநாள் கிடந்தால் அந்த நெகிழ்வூட்டி மெல்ல வெளியேறிவிடும். ஒயர் முறுமுறுத்து உடையும். ஆகவே கூடையைக் கழுவினால் நிழலில் காய வையுங்கள். வெட்டிய துண்டுகளை ஒருபோதும் அடுப்பில் போடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நம் ஆய்வகத்தில் அதன் நெடியை அறியாதவர் யார்?

'பிளாஸ்டிக்கைப் புகழலாமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. எறியும் பழக்கத்தை நிறுத்துவதே இவற்றின் நோக்கம். ஒயர் கூடை எறிவதற்காகப் பின்னப்படுவதில்லை. என் அம்மாயி கடைக்குக் கொண்டுபோகும் கூடை என்னைவிட வயதில் மூத்தது. கைப்பிடியை மட்டும் இரண்டுமுறை மாற்றியிருக்கிறோம். அது இதுவரை எத்தனை பைகளை மிச்சப்படுத்தியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முதல் கூடை

புதிதாகத் தொடங்குபவர் பெரிய கூடையில் கை வைக்கக்கூடாது. பேனா, அளவுகோல் போட்டுவைக்கும் சிறு கூடு ஒன்றைப் பின்னுங்கள். அடிப்பாகம் 10 முடிச்சு நீளம், 5 முடிச்சு அகலம். உயரம் 12 சுற்று. இதற்கு ஒரு கத்தரியும், சற்று ஒயரும், பொறுமையும் போதும்.

இதில் உள்ள கணக்கு அழகானது. குறுக்கே போகும் ஒயர் 10, நெடுக்கே போகும் ஒயர் 5. ஆக 15 ஒயர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள். எனவே அடிப்பாகம் முடிந்ததும் நான்கு பக்கமும் 30 முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மேல்நோக்கித் திருப்பி, வேறோர் ஒயரைச் சுற்றிலும் ஓட்டி ஒவ்வொரு முனையோடும் முடிச்சிட்டால், ஒரு சுற்றுக்கு 30 முடிச்சு. 12 சுற்றுக்கு 360. அடிப்பாகத்தின் 50 முடிச்சைச் சேர்த்தால் மொத்தம் 410.

ஒயரை எவ்வளவு நீளம் வெட்டுவது? இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். கண்ணளவில் வெட்டிவிட்டு, ஏழாவது சுற்றில் ஒயர் தீர்ந்து விழித்தேன். கடைக்கார அம்மா பார்த்துச் சிரித்தார்.

"ஏங்கண்ணு, பத்து முடிச்சுப் போட்டுப் பாக்காம வெட்டுனயா?"

"இல்லீங்கம்மா, குத்துமதிப்பா வெட்டிட்டனுங்க."

"காலேசுல அளந்து பாக்கத்தான சொல்லித் தர்றாங்க? ஒயரயும் அளந்து பாரு சாமி."

ஆய்வகத்தில் ஓராண்டு கற்றதை அவர் ஒரு வாக்கியத்தில் நினைவூட்டிவிட்டார். அன்றுமுதல் என் வழி இது. ஒரு துண்டு ஒயரை அளந்து, பத்து முடிச்சுப் போட்டு, மீதியை அளக்க வேண்டும். ஒரு முடிச்சு எவ்வளவு ஒயரைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். ஒயரின் கனத்துக்கும் அவரவர் கையின் இறுக்கத்துக்கும் ஏற்ப இது மாறும். உங்கள் கைக்கு ஒரு முடிச்சுக்கு 4 செ.மீ. ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு ஒயருக்கு அடியில் 5 முடிச்சு, இருபுறமும் 12 வீதம் 24. ஆக 29 முடிச்சு. அதாவது 116 செ.மீ. நெடுக்கு ஒயருக்கு 34 முடிச்சு, அதாவது 136 செ.மீ. இரண்டுக்கும் முனை சொருகுவதற்கு இருபக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். சுற்று ஒயருக்கும் இதே கணக்குத்தான்.

முடிச்சின் தத்துவம் எளிது. ஓர் ஒயரை மடித்து வளையம் ஆக்குகிறோம். மற்ற ஒயர் அதைச் சுற்றி வந்து வளையத்துக்குள் நுழைகிறது. நான்கு முனைகளையும் நான்கு திசையில் இழுத்தால் ஒரு சிறு சதுரம் இறுகி நிற்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் பசையோ ஆணியோ வேண்டியதில்லை. எல்லா முடிச்சையும் ஒரே பக்கம் நோக்கிப் போட வேண்டும். ஒரே அளவு இறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் கூடை கோணிக்கொள்ளும். சுற்று முடியும் இடத்தில், தொடங்கிய முடிச்சோடு சேர்த்து முனையை உட்புறம் சொருகிவிட வேண்டும். கடைசிச் சுற்றில் எல்லா முனைகளையும் உள்ளே மடித்து, இரண்டு மூன்று முடிச்சுக்கு அடியில் செலுத்தி, மிச்சத்தை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் நண்பர்களே, முடிச்சை எழுத்தால் கற்பிப்பது நீச்சலைக் கரையில் நின்று கற்பிப்பது போன்றது. எவராவது ஒருவர் உங்கள் விரலைப் பிடித்து 'இப்படி' என்று காட்ட வேண்டும். எங்கள் ஊரில் அந்த ஒருவர் ஒயர் கடைக்காரர்தாம்.

கடை என்ன செய்கிறது?

சந்தைக்குப் போகும் பெரிய கூடை ஒன்றின் கணக்கையும் பாருங்கள். அடிப்பாகம் 24க்கு 10. உயரம் 25 சுற்று. 34 ஒயர், 68 முனை. சுற்றுக்கு 68 வீதம் 1,700. அடியில் 240. ஆக 1,940 முடிச்சு. கைப்பிடி தனி. என் அம்மா கரும்பு வெட்டு இல்லாத நாள்களில் கூடை பின்னுவார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஆறு முடிச்சு. கூடை ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஒயர் விலை போக அவருக்கு நிற்பது 150 ரூபாய்.

அந்த ஒயரை வாங்க முன்பணம் எங்களிடம் இருந்ததில்லை. கடைக்கார அம்மா ஒயரைக் கடனாகக் கொடுப்பார். பின்னிய கூடையைக் கடையிலேயே மாட்டி வைப்பார். விற்றதும் ஒயர் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் நீராட வரும் கூட்டத்தில் பாதிக் கூடைகள் விற்றுவிடும். என் முதல் பருவத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியவை ஏழு கூடைகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படிக்குக் கீழே 13,580 முடிச்சுகள் இருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டில் வகுப்பு நண்பன் ஒருவன் என் கூடையைக் கையில் எடுத்து, "நன்றாக இருக்கிறதே, யார் பின்னியது?" என்று கேட்டான். "கடையில் வாங்கியது" என்றேன். அது பொய். பாதி அம்மா பின்னியது. பாதி நான் பின்னியது. ஆண்பிள்ளை கூடை பின்னுகிறான் என்று சிரிப்பார்களோ என்ற அச்சம். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒயர் அறுத்த தழும்பைப் பார்த்தேன். அன்றிரவு சோறு இறங்கவில்லை. அந்த நண்பன் இக்கட்டுரையைப் படிப்பான் என்று நம்புகிறேன்.

இப்போது அந்தக் கடை மெலிந்துவருகிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு சுவர் முழுதும் ஒயர்க் கட்டுகள் வானவில்போல் தொங்கும். இன்று இரண்டு அடுக்கில் அடங்கிவிட்டன. அந்த இடத்தில் கைபேசி உறைகள் தொங்குகின்றன. பின்னத் தெரிந்தவர்களிலும் பலர் கைபேசியில் சொல்லி வெளியூர் ஒயரைத் தருவிக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படித் தருவித்தேன். விலை சற்றுக் குறைவு. வந்த இரண்டு கட்டுகளும் ஒரே நிறம் இல்லை, ஒரே கனமும் இல்லை. முடிச்சை இறுக்கும்போதே ஒயர் வெடித்தது. யாரிடம் போய்ச் சொல்வது? கைபேசியை நான் குறை கூறவில்லை. நெல்லிக்காய்ப் பின்னலை நான் அதில் பார்த்துத்தான் தெளிந்தேன். ஆனால் கைபேசி கடன் கொடுக்காது. தவறான முடிச்சைக் கண்டு சிரிக்காது. பின்னிய கூடையை வாங்கி மாட்டி வைக்காது.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. அப்படியிருந்தும் விசைத்தறிப் போட்டியால் நெசவாளர்கள் நலிந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். சட்டமும் சான்றும் இருந்தும் வாங்குவோரும் கற்போரும் குறைந்தால் தொழில் தளர்கிறது. ஒயர் கூடைக்குச் சட்டமும் இல்லை, சான்றும் இல்லை. அதற்கு இருப்பது கடைவீதியில் பத்தடி அகலக் கடை ஒன்றே.

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். விடுமுறையில் ஒருநாள் போய் அரைக் கட்டு ஒயர் வாங்குங்கள். பேனாக் கூடு ஒன்றைப் பின்னிப் பாருங்கள். 410 முடிச்சு, நிமிடத்துக்கு இரண்டு வீதம் போட்டாலும் மூன்றரை மணி நேரம். ஒரு திரைப்படம் பார்க்கப் போய்வரும் நேரம்தான். பின்ன மனமில்லையெனில் பின்னியதை வாங்குங்கள். ஆனால் ஐந்தரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பிடி அறுந்த கூடையை எறியாமல் கடையில் கொடுத்து மாற்றுங்கள். விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் நாம் வாங்கும் பரிசுப் பொருள்களில் பத்துக் கூடைகள் இடம்பெற்றால், பத்து வீடுகளில் அடுப்பு எரியும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு பிற்பகலைக் கூடைப் பின்னலுக்கு ஒதுக்கலாம். சொல்லிக் கொடுக்க எங்கள் கடைக்கார அம்மாவை அழைத்துவர நான் பொறுப்பு. அவர் இதுவரை ஒரு கல்லூரியின் வாசலையும் மிதித்ததில்லை. மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வருவதாகச் சொன்னால், முதலில் சிரிப்பார். பிறகு நல்ல சேலையாகத் தேடுவார்.

படித்தவன் கையால் வேலை செய்வது இழிவு என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. வேதியியல் எனக்கு மூலக்கூறுச் சங்கிலிகளைக் காட்டியது. என் அம்மா அதே சங்கிலியைக் கொண்டு கூடை பின்னிக் காட்டினார். இரண்டும் எனக்குக் கல்விதான்.

இனி யாராவது "இந்தக் கூடையை யார் பின்னியது?" என்று கேட்டால், என் விடை ஆயத்தமாக இருக்கிறது. "அடிப்பாகம் அம்மா; மேல் சுற்று நான்; ஒயர் எங்கள் ஊர்க் கடை."