13 காட்சியில் மூடிய நாடகம், சின்ன மேடையில் எப்படிப் பிழைத்தது?

இந்த எபிசோடுல ஒரு ஃப்ளாப்பைப் பத்திப் பேசப் போறேன். அதுவும் சாதாரண ஃப்ளாப் இல்ல.

2006 டிசம்பர் 7. நியூயார்க் பிராட்வேயில, இம்பீரியல் தியேட்டர்ல 'ஹை ஃபிடெலிட்டி'ங்கிற ராக் மியூசிக்கல் தொடங்கியது. டிசம்பர் 17 அன்னைக்கு மூடிட்டாங்க. முன்னோட்டக் காட்சிகளைச் சேர்க்காம கணக்குப் பார்த்தா மொத்தம் 13 காட்சி. இதே இம்பீரியல்லதான் 'லே மிஸரப்ல' 1990-லேருந்து 2003 வரைக்கும் ஓடியிருக்கு. அப்படிப்பட்ட மேடையில 13 காட்சிங்கிறது, பந்தி விரிச்சு முதல் பந்தியோடயே இலையை எடுத்த மாதிரி.

ஆனா ஒன்றரை வருஷம் கழிச்சு, 2008-ல, செயின்ட் லூயிஸ் நகரத்துல நியூ லைன் தியேட்டர்ங்கிற ஒரு சின்னக் குழு இதே நாடகத்தை எடுத்துப் போட்டாங்க. பிராட்வேக்கு அப்புறம் இதைத் தொட்ட முதல் குழு அவங்கதான். அதுக்குப் பிறகு வேற ஊர்க் குழுக்களும் போட ஆரம்பிச்சாங்க. நியூ லைனே 2012-ல மறுபடியும் போட்டாங்க.

கதை அதேதான், பாட்டும் அதேதான். அப்போ நியூயார்க்ல எடுபடாதது செயின்ட் லூயிஸ்ல எப்படி எடுபட்டுச்சு? இதைப் புரிஞ்சுக்கிட்டா 'ஃப்ளாப்'ங்கிற வார்த்தைக்கு உண்மையில என்ன அர்த்தம்னு கொஞ்சம் விளங்கும்.

முதல்ல, கதை

நிக் ஹார்ன்பி 1995-ல எழுதின நாவல் இது. வடக்கு லண்டன்ல ஹாலோவே பகுதியில ஒரு பழைய ரெக்கார்டு கடை. முதலாளி பேரு ராப். முப்பதைத் தாண்டிட்டான், காதலி லாரா இப்பதான் விட்டுட்டுப் போயிருக்கா. கடையில டிக், பேரின்னு ரெண்டு பசங்க. மூணு பேருக்கும் உலகத்துல இருக்குற எல்லாத்துக்கும் ஒரு 'டாப் 5' பட்டியல் போடணும். சிறந்த 5 பாட்டு, சிறந்த 5 ஆல்பம், ராப்புக்கு மட்டும் கூடுதலா, தன்னை நோகடிச்ச 5 காதல் முறிவு.

2000-ல ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இதைப் படமா எடுத்தார். ஜான் குசாக் ராப், ஜாக் பிளாக் பேரி. கதை லண்டன்லேருந்து சிகாகோவுக்குப் போச்சு. மியூசிக்கல்ல அது நியூயார்க்கோட புரூக்ளினுக்கு வந்தது. ஊரை மாத்தினாலும் கதை கெடல, பாத்தீங்களா? இந்த மாதிரி ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஒரு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து, 60 நிமிஷ கேசட்டுல எது முதல்ல வரணும், எது பி சைடுல வரணும்னு யோசிச்ச தலைமுறைக்கு ராப் யாருன்னு விளக்கவே வேண்டாம். இப்போ பிளேலிஸ்ட் அனுப்பிட்டு, அவங்க கேட்டாங்களா இல்லையான்னு தவிக்கிறவங்களுக்கும் தெரியும்.

ராப்போட பிரச்சினை ஒண்ணுதான். ஒருத்தர் எதை ரசிக்கிறாங்கங்கிறதை வச்சே அவங்க யாருன்னு முடிவு பண்ணிடலாம்னு நம்புறான். பாட்டைக் காது குடுத்துக் கேக்குற அளவுக்கு, பக்கத்துல இருக்குற மனுஷியைக் கேக்கத் தெரியாது. கதை முழுக்க அவன் அதைக் கத்துக்குறதுதான்.

பாடறதுக்கு ஒரு காரணம் வேணும்

மியூசிக்கல்னாலே ஒரு சங்கடம் உண்டு. பேசிக்கிட்டிருந்த ஆள் திடீர்னு ஏன் பாடணும்? சினிமாப் பாட்டுல வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமா தெரியாது. ஆனா மேடையில எழுதுறவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காரணம் பலமா இல்லைன்னா பாட்டு ஒட்டாது.

'ஹை ஃபிடெலிட்டி'யில அந்தக் காரணம் கதைக்குள்ளயே இருக்கு. இவங்க யோசிக்கிறதே பாட்டுலதான். இசை டாம் கிட், பாடல் வரிகள் அமாண்டா கிரீன், வசனம் டேவிட் லிண்ட்சே-அபேர். ஏற்கெனவே ஹிட்டான பாட்டுகளை வாங்கிக் கோக்காம, எல்லாத்தையும் புதுசாவே எழுதினாங்க. ஆனா ஒவ்வொண்ணையும் ராப்போட அலமாரியில இருக்கக்கூடிய ஏதோ ஒரு ரெக்கார்டோட சாயல்ல எழுதினாங்க.

சாயல்னா என்ன? ராப்போட மனசுல புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வந்து புத்தி சொல்ற காட்சி ஒண்ணு இருக்கு. படத்துல ஸ்பிரிங்ஸ்டீனே நேர்ல வந்து நடிச்சார். மேடையில ஒரு நடிகர் வர்றார், பாட்டு ஸ்பிரிங்ஸ்டீன் பாணியில இருக்கும், ஆனா அது அவரோட பாட்டு இல்ல. இன்னொரு இடத்துல, லாராவோட புதுக் காதலன் இயன் கடைக்கு வந்து "பேசித் தீத்துக்கலாம்"னு நிக்கிறான். ராப் மனசுக்குள்ள அவனை அடிச்சு நொறுக்குறான். மறுபடி ரீவைண்ட், இன்னொரு விதமா அடி. மறுபடி ரீவைண்ட். ஒவ்வொரு தடவையும் இசையோட பாணி மாறுது. கடைசியில நிஜத்துல என்ன நடக்குது? ஒண்ணுமே நடக்கல. பேசாம நிக்கிறான்.

இந்த ஆல்பத்தைக் கேட்டப்போ எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். பாத்திரம் என்ன சொல்லுதுங்கிறதை விட, எந்தப் பாணியில சொல்லுதுங்கிறதுலதான் ஆள் யாருன்னு தெரியுது. இசைப் பித்துப் பிடிச்சவங்களைப் பத்தின நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருக்கான்னு தெரியல.

அப்புறம் ஏன் ஓடல?

விமர்சனங்கள் நல்லா வரல, அது ஒரு காரணம். ஆனா அளவுங்கிற விஷயத்தையும் பாக்கணும்.

இம்பீரியல்ல 1,400-க்கும் மேல இருக்கைகள். பிராட்வேயில வழக்கமா வாரத்துக்கு 8 காட்சி. அப்போ வாரா வாரம் 11,000-க்கும் மேல டிக்கெட் விக்கணும். நல்ல சீட்டு 100 டாலரைத் தாண்டும். நடிகர்கள், வாத்தியக்காரர்கள், மேடைத் தொழிலாளர்கள், தியேட்டர் வாடகை, விளம்பரம்னு செலவு வாரா வாரம் வந்துக்கிட்டே இருக்கும். வசூல் அந்த வாரச் செலவைத் தொடலைன்னா, தயாரிப்பாளருக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். அதனாலதான் பிராட்வேயில நாடகம் மெதுவா சூடு பிடிக்கிறதுக்குள்ள மூடிடறாங்க. வாய்மொழியா பேர் பரவுறதுக்கு நேரம் வேணும். 10 நாள் பத்தாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இதோட முக்கியத் தயாரிப்பாளர்கள் ஜெஃப்ரி செல்லரும் கெவின் மெக்கலமும். 'ரென்ட்', 'அவென்யூ கியூ' ரெண்டையும் பிராட்வேக்குக் கொண்டு வந்தவங்க. அந்த ரெண்டுமே எங்க பிறந்தது? 200-க்கும் குறைவான இருக்கை உள்ள சின்ன அரங்குகள்ல. அங்க ஆள் சேர்ந்து, பேச்சு பரவி, அப்புறம்தான் பெரிய தெருவுக்கு வந்தது. 'ஹை ஃபிடெலிட்டி'க்கு அந்தச் சின்ன அரங்கு கிடைக்கல. பாஸ்டன்ல ஒரு பெரிய தியேட்டர்ல வெள்ளோட்டம் பாத்துட்டு நேரா இம்பீரியலுக்கு வந்துட்டாங்க.

கதையை யோசிச்சுப் பாருங்க. ஆள் வராத ஒரு ரெக்கார்டு கடை. வர்ற நாலு பேரையும் "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இங்க கிடைக்காது"ன்னு விரட்டி விடற கடைப் பசங்க. அப்படி ஒரு கடையைப் பத்தின நாடகம், தினமும் 1,400 பேர் வரலைன்னு மூடப்பட்டது.

தோத்த நாடகம் எங்க போகும்?

தியேட்டர்ல ஓடாத படத்தை 10 வருஷம் கழிச்சு டிவியில பாத்துட்டு, "இதையா அன்னைக்கு விட்டோம்?"னு கொண்டாடறோம் இல்லையா? நாடகத்துக்கு அந்த வசதி கிடையாது. மூடினா செட்டைப் பிரிச்சிடுவாங்க, நடிகர்கள் அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. மிச்சம் இருக்குறது எழுத்துப் பிரதியும் இசைக் குறிப்பும்தான்.

அமெரிக்காவுல ஒரு மியூசிக்கலை வேற குழு போடணும்னா உரிமம் வாங்கணும். அதுக்குன்னே நிறுவனங்கள் இருக்கு. அவங்க பட்டியல்ல இருந்தா, பள்ளிக்கூடத்துலேருந்து பெரிய குழு வரைக்கும் யார் வேணாலும் பணம் கட்டிப் போடலாம். 13 காட்சியில மூடின நாடகம் அந்தப் பட்டியலுக்கே போகாம போயிடலாம். பட்டியல்ல இல்லைன்னா யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் கேக்கலைன்னா பட்டியல்ல வராது.

இந்த வட்டத்தை உடைச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு, நாடகம் மூடின பிறகும் அதோட பாட்டு ஆல்பம் வெளிவந்தது. நியூயார்க் பக்கமே போகாதவங்க அதைக் கேட்டாங்க, அடுத்தவங்களுக்குக் குடுத்தாங்க. ராப்பும் பேரியும் டிக்கும் கதையில என்ன செய்யறாங்களோ, அதையே நிஜ ஆளுங்க இந்த நாடகத்துக்குச் செஞ்சாங்க.

ரெண்டாவது, நியூ லைன். 1991-ல ஸ்காட் மில்லர் ஆரம்பிச்ச குழு. பெரிய அரங்குகள் தொடத் தயங்குற மியூசிக்கல்களைத் தேடிப் போடறதே இவங்க வேலை. பட்டியல்ல இல்லாத நாடகத்துக்கு அனுமதி வேணும்னா, எழுதினவங்ககிட்டதான் கேக்கணும். இவங்க கேட்டாங்க, கிடைச்சது.

சின்ன மேடையில என்ன மாறுது?

முதல்ல கணக்கு மாறுது. உதாரணத்துக்கு 150 இருக்கை, வாரத்துக்கு 3 காட்சி, 4 வாரம்னு வச்சுக்குங்க. மொத்த டிக்கெட்டே 1,800. அதாவது பிராட்வேயில ரெண்டு நாளைக்கு வர்ற கூட்டம் கூட வேண்டாம். லாப நோக்கமில்லாத குழுவா இருந்தா நன்கொடையும் மானியமும் கொஞ்சம் தாங்கும். காட்சி எத்தனைன்னு முதல்லயே முடிவாயிடும். அதனால நாடகத்தை நடுவுல தூக்குற பேச்சுக்கே இடமில்ல.

அடுத்தது சத்தம். சின்ன அறையில ராக் போடறது லேசு இல்ல. டிரம்ஸை யாராலும் பாதியா குறைக்க முடியாது. டிரம்ஸ் மேல வந்தா வரிகள் அமுங்கிடும். மியூசிக்கல்ல வரி கேக்கலைன்னா கதையே போச்சு. அதனால டிரம்ஸைச் சுத்தி கண்ணாடித் தடுப்பு வைப்பாங்க, இல்ல எலக்ட்ரானிக் டிரம்ஸுக்குப் போவாங்க, பாடறவங்களுக்கு மைக் குடுத்து மிக்சிங்ல சரி பண்ணுவாங்க. இந்தத் தொல்லைக்குப் பலனும் உண்டு. பேஸ் கிட்டாரை உங்க நெஞ்சுல உணரலாம். பெரிய ஹால்ல பின்வரிசையில உக்காந்தா அது கிடைக்காது.

மூணாவதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். ராப் நேரா நம்மகிட்ட பேசற ஆள். நாவல்ல தன் கதையைத் தானே சொல்றான், படத்துல கேமராவைப் பாத்துச் சொல்றான். அவன் நல்லவன் ஒண்ணும் இல்ல. லாராவுக்கு அவன் செஞ்சதைக் கேட்டா நமக்கே கோபம் வரும். 100 டாலர் குடுத்துட்டு இருபதாவது வரிசையில உக்காந்திருக்குறவருக்கு, இப்படி ஒருத்தனை ரெண்டு மணி நேரம் ஏன் பாக்கணும்னு தோணலாம். அதே ஆள் 10 அடி தூரத்துல நின்னு, உங்க கண்ணைப் பாத்து "நான் பண்ணினது தப்பா?"ன்னு கேட்டா நிலைமை வேற. நீங்க கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் ஆயிடறீங்க. அவன் பொய் சொன்னா தெரியும், முகம் வாடினாலும் தெரியும்.

2019-ல லண்டன் பாட்டர்ஸியில, ரயில் பாலத்து வளைவுக்கு அடியில இருந்த டர்பைன் தியேட்டர் இதைப் போட்டப்போ, கதையைத் திரும்ப லண்டனுக்கே கொண்டு வந்தாங்க. அதுவும் சின்ன அரங்குதான்.

அப்போ ஃப்ளாப்னா என்ன?

சின்ன மேடைக்குப் போனா எல்லா நாடகமும் நல்லா ஆயிடும்னு சொல்ல வரல. மோசமான நாடகம் கிட்டப் போனா இன்னும் மோசமாதான் தெரியும். ஆனா 13 காட்சியில மூடினதுங்கிற செய்தி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லுது. அந்த ஊர்ல, அந்த அரங்குல, அந்த டிக்கெட் விலைக்கு, அந்த 10 நாள்ல ஆள் வரல. எழுதினவங்களைப் பத்தி அது ஒண்ணும் சொல்லல.

நாடகம் மூடின நாலே மாசத்துல, 2007-ல, லிண்ட்சே-அபேருக்கு வேறொரு நாடகத்துக்காகப் புலிட்சர் பரிசு கிடைச்சது. டாம் கிட் இசையமைச்ச 'நெக்ஸ்ட் டு நார்மல்' 2009-ல பிராட்வேக்கு வந்து, சிறந்த இசைக்கான டோனி விருது வாங்கி, 2010-ல புலிட்சரும் வாங்கியது. அதுவும் முதல்ல ஒரு சின்ன அரங்குல போட்டுப் பாத்துட்டு, திருத்தி எழுதின பிறகு வந்ததுதான்.

அதனால அடுத்த தடவை யாராவது "அது ஃப்ளாப்"னு சொன்னா, எத்தனை சீட்டுல, எத்தனை நாள்லன்னு கேட்டுப் பாருங்க. அப்புறம் முடிஞ்சா, உங்க ஊர்ல 80 நாற்காலி போட்டு நாடகம் நடத்துற குழுவுக்கு ஒரு டிக்கெட் வாங்குங்க. மூடிப்போன ஒண்ணைத் திறந்து பாக்குற வேலையை வழக்கமா செய்யறது அவங்கதான். 150 பேர் உக்கார்ற இடத்துல நீங்க ஒருத்தர் வர்றதும் வராததும் அவங்களுக்குத் தெரியும்.