குழந்தைகளோடு கடலில் மீன் பிடிக்கப் போறீங்களா? படகுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்துக்கு விடுமுறையில் போகும் குடும்பங்கள், பீச், தீம் பார்க் தாண்டி ஆசையாகப் போகும் இன்னொரு இடம் மீன்பிடி படகு. அங்கே வேலை பார்க்கும் நம்ம ஊர்க் குடும்பங்களும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளும்கூட இதில் ஏறுகிறார்கள். பெரியவங்களுக்கு இது ஜாலி. ஆனால் 5 வயசுக் குழந்தையோடு கடலுக்குள் போறதுன்னா கணக்கே வேற. எதையெல்லாம் பார்க்கணும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

'சார்ட்டர்' என்றால் என்ன?

கேப்டன், தூண்டில், இரை எல்லாம் சேர்த்து ஒரு படகையே சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதுதான் சார்ட்டர். மெக்சிகோ வளைகுடா ஓரம் இருக்கும் டெஸ்டின் நகரம் இதற்குப் பேர் போனது. 1948 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே மீன்பிடி போட்டித் திருவிழாவே நடக்கிறது.

தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம் வாங்கி, பலரையும் ஒன்றாக ஏற்றும் 'பார்ட்டி போட்'களும் உண்டு. அதில் செலவு குறைவு. ஆனால் உங்க குழந்தை வாந்தி எடுத்தாலும் படகு உங்களுக்காகத் திரும்பாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் தனிப் படகுதான் நல்லது. 'போதும், திரும்பலாம்' என்று சொல்லும் உரிமை உங்க கையில் இருக்கும்.

கைக்குழந்தையும் கணக்கில் வருமா?

வரும். வழக்கமான சின்ன சார்ட்டர் படகுகள் அதிகபட்சம் 6 பயணிகளைத்தான் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால், அமெரிக்கக் கடலோரக் காவல்படை சோதித்துச் சான்றிதழ் கொடுத்த படகாக இருக்க வேண்டும்.

அப்பா, அம்மா, 2 பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்றால் 6 பேர். கூடவே சித்தியின் கைக்குழந்தை வந்தால் 7. "குழந்தைதானே, மடியில வச்சுக்கிறோம்" என்பது இங்கே செல்லாது.

இது வெறும் காகித விதி கிடையாது. கேரளாவின் தானூரில் 2023 மே 7 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதுதான் அப்போது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு.

லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதுமா?

போதாது. குழந்தையின் எடைக்குப் பொருந்தணும். அமெரிக்காவில் வழக்கமான அளவுகள் இவை:

- சுமார் 13.5 கிலோ வரை: கைக்குழந்தை அளவு
- 13.5 முதல் 22.5 கிலோ வரை: குழந்தை அளவு
- 22.5 முதல் 41 கிலோ வரை: சிறுவர் அளவு

"வளர்ற பிள்ளை, பெருசா இருக்கட்டும்" என்று சட்டை எடுக்கிற மாதிரி இதை எடுக்கக் கூடாது. பெரிய ஜாக்கெட், தண்ணீரில் விழுந்த நொடியே தலை வழியாகக் கழன்றுவிடும்.

சோதிப்பது சுலபம். ஜாக்கெட்டை மாட்டி, எல்லா பக்கிளையும் போட்டு, இரண்டு தோள்பட்டைப் பகுதியையும் பிடித்து மேலே தூக்குங்க. குழந்தையின் தாடையும் காதும் ஜாக்கெட்டுக்குள் போனால் அது பெருசு, வேற கேளுங்க. சின்னக் குழந்தைகளுக்குக் கால்களுக்கு நடுவே போடும் பட்டையும் அவசியம். இந்தச் சோதனையைக் கரையிலேயே முடிச்சுடணும். படகில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

வாந்தி வந்தால் என்ன செய்வது?

உள்காது 'ஆடுது' என்கிறது. கண் 'அசையல' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். 2 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம்.

போன், டேப்லெட் கொடுக்காதீங்க; அதுதான் குமட்டலைக் கூட்டும். தூரத்தில் தெரியும் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ஆட்டம் குறைவான நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ காற்றோட்டமாக உட்கார வைங்க. காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மாத்திரை தேவை என்றால் குழந்தைகள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்க. குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் பெரிய பலன் இருக்காது.

எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம்?

சிறு பிள்ளைகளுக்கு 4 மணி நேரமே அதிகம். டெஸ்டினில் நகரத்தை ஒட்டியே சாக்டவாட்சி விரிகுடா இருக்கிறது. திறந்த கடலைவிட அங்கே அலை குறைவு. முதல் தடவை அங்கேயே சுற்றினால் போதும்.

ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடி மழை சகஜம். அதனால் காலை நேரத்தைத் தேர்வு பண்ணுங்க. 2018 ஜூலையில் மிசௌரி மாகாண ஏரி ஒன்றில், புயல் எச்சரிக்கை வந்த பிறகும் தண்ணீரில் இறங்கிய சுற்றுலாப் படகு மூழ்கி 17 பேர் இறந்தார்கள். அதனால் கேப்டன் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் சண்டை போடாதீங்க. அவர் போகலாம் என்று சொல்லியும் வானம் கறுத்திருந்தால், நீங்களே வேண்டாம் என்று சொல்லலாம்.

தூண்டில், முள், வெயில்

தூண்டிலை வீசும்போது பின்னால் குழந்தை நிற்கக் கூடாது. பிடிபட்ட மீனைக் கேப்டன் கழற்றித் தரும் வரை பிள்ளைகள் தொடக் கூடாது. அங்கேயும் கடல் கெளுத்தி உண்டு. அதன் முள் குத்தினால் எவ்வளவு கடுக்கும் என்று நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் காட்டணும்.

தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து சுடும். தொப்பி, முழுக்கைச் சட்டை கட்டாயம். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழல்தான் பாதுகாப்பு.

லைசென்ஸ் வேணுமா?

ஃப்ளோரிடாவில் 16 வயதுக்குக் கீழ் இருந்தால் மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. உரிமம் பெற்ற சார்ட்டர் படகில் போகும் பெரியவர்களுக்கும் தனியாக வேண்டாம். படகின் லைசென்ஸே போதும்.

புக் பண்ணும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் குழந்தையின் எடைக்கு ஏற்ற ஜாக்கெட் இருக்கா?
2. கைக்குழந்தையையும் சேர்த்து எத்தனை பேர் ஏறலாம்?
3. படகில் நிழலும் டாய்லெட்டும் இருக்கா? (பல சின்னப் படகுகளில் இருக்காது.)
4. பாதியில் திரும்பினால் பணம் என்ன ஆகும்?
5. வானிலை மோசமானால் வேற தேதி தருவீங்களா?

நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்க மறந்துடறாங்க. "கட்டின காசு வீணாகுமே" என்ற எண்ணம்தான் அழுகிற பிள்ளையையும் கறுத்த வானத்தையும் கண்டுக்காமல் இருக்க வைக்கிறது. பதிலை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா, திரும்ப வேண்டிய நேரத்தில் தயங்காமல் திரும்பலாம்.

நம்ம ஊர்ப் படகுச் சவாரிக்கும் ஜாக்கெட், ஆள் கணக்கு, வானிலை ஆகிய மூன்றும் அப்படியே பொருந்தும்.