சுவர் பேசும் ஊரில்

நியூ டவுனுக்குக் குடிவந்த புதிதில், தூண்களிலும் மதில்களிலும் தீட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்து மெச்சிக்கொண்டேன். வடக்குக் கல்கத்தாச் சந்துகளில் நடந்த பிறகுதான் அவற்றில் இல்லாதது எது என்று உறைத்தது.

அங்கே சுவரெழுத்துக்கு 'தேயால் லிகன்' என்று பெயர். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சுவரை முன்கூட்டியே பிடித்துவைத்து, வெள்ளையடித்து, எதிராளியைக் கேலிச்சித்திரமாக்கி, எதுகையோடு நாலு வரி எழுதுவார்கள். அடுத்த சுவரில் பதில் வந்துவிடும். 2006 தேர்தலில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஆணையம் தடுத்தபோது ஊரே ஊமையான மாதிரி இருந்தது என்பார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

நம்ம சென்னையிலும் 2009இல் சுவரொட்டியை ஒழிக்க அண்ணா சாலைச் சுவர்களில் மாநகராட்சி படம் வரையச் சொன்னது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பிழந்த பேனர் ஓவியர்களுக்கு வேலை கிடைத்ததே, அந்த மட்டில் நல்லது. ஆனால் வரைந்தது பெரும்பாலும் கோயிலும் நாட்டியமும்தான். சுவரொட்டியின் வாய்த்துடுக்கு அதில் ஏது?

நியூ டவுனும் அப்படியே. ராஜர்ஹாட் வயல்களைக் கையகப்படுத்தி எழுப்பிய நகரம் இது. எழுப்பிய ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் 1999இல் அமைந்தது. அந்த உழவர் முகத்தை எந்தத் தூணிலும் நான் பார்க்கவில்லை. பாத்திரம் துலக்க வரும் மாஷியிடம் கேட்டேன். "எங்கப்பா நெல்லு போட்ட இடத்துலதான் பௌதி, உங்க லிஃப்ட் ஏறி எறங்குது" என்றார்.