உணவு மாறினால் நோய் மாறுமா?

“சாப்பாட்டை மாற்றினாலே இந்த நோய் அடங்கிவிடுமாமே! ஊசியை நிறுத்திவிடலாமா?”

சென்ற பருவத்தில் விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. அவருக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். நான் மருத்துவ மாணவன். ஆயினும் உடனே விடை சொல்ல அஞ்சி, பத்து நாள் தவணை கேட்டேன். நூலகத்தில் தேடிக் கண்டதை, அவருடைய இசைவுடன் உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலில் நோயின் தன்மையை அறிவோம். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் உறை உண்டு. மின்கம்பியின் மேலுறை போன்றது அது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி அவ்வுறையைத் தாக்குகிறது. விளைவாகப் பார்வை மங்கும், கால்கள் மரத்துப்போகும், களைப்பு வாட்டும். பெரும்பாலோரிடம் தொடக்கத்தில் இது பாய்ந்து வரும், பிறகு தானே தணியும், மீண்டும் வரும். இந்தக் குணத்தை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர். நார்வே நாட்டு ஆய்வு ஒன்றை அவரும் உடன் உழைத்தோரும் 1952இல் வெளியிட்டனர். உள்நாட்டு உழவர் பகுதிகளில் நோய் மிகுதி. மீன் உண்ணும் கடற்கரைப் பகுதிகளில் குறைவு. வெண்ணெய், பாலாடை, இறைச்சி ஆகியவற்றின் கொழுப்பே காரணமாகலாம் என்று அவர் கருதினார். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் தம் நோயாளிகளுக்கு நிறைகொழுப்பை வெகுவாகக் குறைத்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். 144 பேரை 34 ஆண்டுகள் கவனித்து, 1990இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேல் அக்கொழுப்பை உண்ணாதவர்கள், மற்றவர்களைவிட நெடுநாள் நலமாக வாழ்ந்தார்கள் என்பதே அது. நோயின் போக்கை மாற்றும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில் அவர் இம்முயற்சியைத் தொடங்கினார் என்பதை எண்ணினால், அவர் உழைப்பை வணங்கத் தோன்றுகிறது.

ஆனால் வணக்கம் வேறு, சான்று வேறு. அவர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடவில்லை. உணவைக் கைவிட்டதால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் மனம் தளர்ந்து உணவைக் கைவிட்டார்களா? அந்த ஆய்வு இதற்கு விடை தரவில்லை. மேலும், தானே தணியும் நோயில், தணியும் வேளையில் எதை உண்டாலும் அதுவே மருந்தாகத் தெரியும்!

அமெரிக்காவில் டெர்ரி வால்ஸ் என்ற பெண் மருத்துவருக்கே இந்நோய் வந்தது. சக்கர நாற்காலியை நாட வேண்டிய நிலையிலிருந்து மீண்டு மிதிவண்டி ஓட்டினார். காய்கறி, கீரை, இறைச்சி ஆகியவற்றை ஏற்று, தானியம், பருப்பு, பால் ஆகியவற்றை விலக்கிய உணவு அவருடையது. ஆனால் உடற்பயிற்சியையும் தசைகளுக்கு மின்தூண்டலையும் அவர் சேர்த்தே மேற்கொண்டார். ஸ்வாங்க் தானியத்தை ஏற்றார், கொழுப்பை விலக்கினார். ஒருவர் தள்ளியதை மற்றவர் தட்டில் வைக்கிறார்! இவ்விரு உணவு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் களைப்புக் குறைந்தது. கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவை ஓராண்டு சோதித்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்விலும் களைப்புக் குறைந்தது. ஆனால் மூளைப் படங்களில் நோயின் போக்கு மாறியதாகத் தெரியவில்லை.

ஆகவே நான் கண்ட முடிவு இது. நல்ல உணவால் உடல் தெம்பு பெறக்கூடும்; அதுவும் சிறிய பேறன்று. ஆனால் எந்த உணவும் மருந்தின் இடத்தைப் பிடித்ததாகச் சான்றில்லை. காய்கறி, பழம், மீன், முழுத் தானியம் இவற்றைக் கூட்டலாம். பொரித்ததையும் இனிப்பையும் குறைக்கலாம். வைட்டமின் டி அளவைச் சோதித்துக் குறையிருந்தால் ஈடு செய்யலாம். அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர் உண்டு. அதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் வரும். பாலையும் பருப்பையும் ஒருசேர விலக்குவோர், சுண்ணாம்புச் சத்துக்கும் புரதத்துக்கும் வேறு வழி தேட வேண்டும். புகைப்பதை அறவே விட வேண்டும்.

பத்தாம் நாள் நண்பரிடம் சொன்னேன்: “உணவை மாற்றுங்கள், ஊசியை நிறுத்தாதீர்கள். மாற்றுவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.” அவர் சற்று ஏமாந்தார் என்பதை மறைக்க மாட்டேன். பிறகு, “அப்படியானால் விடுதிப் பொரியலில் எண்ணெயைக் குறைக்கச் சொல்லலாமா?” என்றார். சேர்ந்து போய்ச் சமையல்காரரிடம் கேட்டோம். அவரும் தனியாக எடுத்து வைக்க ஒப்புக்கொண்டார்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கினார். ஆனால் அங்கேயே நிற்கவில்லை. இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நால்வகையும் வேண்டும் என்று முடித்தார். தோழர்களே, முதல் மூன்றும் நம் கையில் இல்லை. நான்காவது இடம் நமக்குரியது. கேள்விப்பட்ட பத்தியங்களை அடுக்குவதை விட்டு, அந்த இடத்தில் நாம் நிற்போம்.